வட்டு எழுதிக் கொடுப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

மன்னார்த் தீவிலும் கட்டுக்கரைப் பற்றிலும் ஒளிப்பதிவுத் தொழில் நடத்தும் பெருமக்களே,

கொடியேற்றம் முதல் கொடியிறக்கம் வரை, முதல்நன்மை முதல் மணவறை வரை, சாமத்தியவீடு முதல் செத்தவீடு வரை, இந்த மண்ணில் நடக்கும் எந்த விசேஷமும் உங்கள் கமெராவுக்குத் தப்புவதில்லை. நீங்கள் பதிந்து, தொகுத்து, பாட்டுச் சேர்த்து, இறுவட்டில் எழுதி, அழகான உறையில் இட்டுக் கொடுத்ததை வீட்டுக்காரர் அலுமாரியில் உடுபுடவைகளுக்கு நடுவே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த வட்டு பாதி வழியில் விக்கி நின்றுவிட்டது என்றோ, போட்டவுடன் வாசிக்க மறுத்துவிட்டது என்றோ முறையிட்டுக்கொண்டு அவர்கள் உங்கள் கடை வாசலுக்குத் திரும்பி வரும்போது, அநேகமாக அவர்களுக்குக் கிடைக்கும் மறுமொழி ஒன்றுதான்: "உங்கடை பிளேயர் பிழை, வேறை ஒன்றிலை போட்டுப் பாருங்கோ." அந்த மறுமொழியைக் குறித்தே இந்த மடலை உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். அது பல சமயங்களில் உண்மையல்ல. உண்மையான சமயங்களிலும் போதுமானதல்ல.

வேறொரு தேசத்தில், வேறொரு சரித்திரமுள்ள மக்களிடத்தில், கலியாண வட்டு ஒன்று ஓடாமற் போவது சிறு மனவருத்தத்தோடு முடிந்துவிடும். அவர்களுக்குப் பாட்டன் காலத்துப் படங்கள் சுவரில் இருக்கும், தகப்பன் காலத்து அல்பங்கள் மேசையில் இருக்கும். நம்மவர்க்கு அப்படியில்லை. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டியையும் விடத்தல்தீவையும் இன்னும் பல ஊர்களையும் விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரர்கள் புத்தளத்துக்குக் கொண்டுபோன மூட்டைகளில் அல்பங்களுக்கு இடமிருக்கவில்லை. தலைமன்னாரிலும் பேசாலையிலும் இரவோடிரவாகப் படகேறி மண்டபம் முகாமை அடைந்தவர்கள் கட்டிய துணியோடு போனவர்கள். பின்னர், மடு அன்னையின் திருச்சொரூபமே 2008 ஏப்ரலில் தன் ஆலயத்தை விட்டுத் தேவன்பிட்டிக்குப் போக நேர்ந்த அந்தக் காலத்தில், அடம்பனிலும் பெரியமடுவிலும் விடத்தல்தீவிலும் இருந்த சனங்கள் எதை எடுப்பது, எதை விடுவது என்று எண்ணவும் அவகாசமின்றி நடந்தார்கள்.

ஆகையால், நம்முடைய அநேக குடும்பங்களின் காட்சி ஞாபகம் என்பது உங்கள் கைகளால் எழுதப்பட்ட இறுவட்டுகளிலிருந்தே ஆரம்பிக்கிறது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகிப் பாதைகள் திறந்தபின் நடந்த கலியாணங்களும், யுத்தம் ஓய்ந்தபின் மீண்டும் கூடிய திருவிழாக்களும் அந்த வட்டுகளில்தான் இருக்கின்றன. இறந்துபோன தகப்பன் நடந்து வருவதும், காணாமற்போன மகன் பந்தியில் பரிமாறுவதும், வெளிநாட்டில் அடங்கிப்போன ஆச்சி பேரப்பிள்ளையின் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பதும் வேறெங்கும் இல்லை. இந்த வட்டுகளை எழுதியவர்கள் நீங்கள் என்பதால், அவற்றின் ஆயுளுக்கு உங்களுக்கும் ஒரு கடமை உண்டு என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

"பிளேயர் பிழை" என்ற வாதத்தை முதலில் நியாயமாகப் பார்ப்போம். பிளேயர் பழுதாவதுண்டு, அதை நான் மறுக்கவில்லை. கடலும் மணலும் சூழ்ந்த இந்தத் தீவில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னலைத் திறந்துவைத்த வீட்டில் எந்த உபகரணத்துக்குள்ளும் நுண்மணல் புகும். லேசர்க் கண்ணின் மேல் தூசி படியும். லேசரும் வயதாக ஆக வலுவிழக்கும். ஆயினும் அதே பிளேயரில் கடையில் வாங்கிய சினிமாப்படம் தடையின்றி ஓடுகிறதே, உங்கள் வட்டு மட்டும் ஏன் நிற்கிறது என்று வீட்டுக்காரர் கேட்கும்போது, அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தொழிற்சாலையில் அச்சிட்ட வட்டில் தரவு என்பது பிளாஸ்டிக்கில் அழுத்தப்பட்ட பள்ளங்களாக இருக்கிறது. நீங்கள் எழுதும் வட்டிலோ அது ஒரு சேதனச் சாயப்படையை லேசரின் உஷ்ணத்தால் மாற்றி உண்டாக்கிய தடங்களாக மட்டுமே இருக்கிறது. திரும்பத் திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வட்டுகள் தம்மேல் விழும் ஒளியில் 18 முதல் 30 வீதத்தையே திருப்பித் தருகின்றன. சாதாரண ஒருபடை வட்டுக்கு அது 45 முதல் 85 வீதம். வலுக்குறைந்த பழைய பிளேயர் அச்சிட்ட வட்டை வாசித்து, எழுதிய வட்டில் தடுமாறுவதற்குக் காரணம் இதுவே. அது பிளேயரின் குறை மாத்திரமல்ல. நாம் எழுதிய தடங்கள் எவ்வளவு தெளிவாக அமைந்தன என்பதற்கான பரீட்சையும் ஆகும்.

"அன்றைக்கு ஓடினதுதானே" என்று நீங்கள் சொல்வதுண்டு. இந்தச் சாட்சியம் எவ்வளவு பலவீனமானது என்பதை விளங்கிக்கொள்ள வட்டின் அமைப்பைச் சற்றே நினைவுபடுத்த வேண்டும். 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டி உண்டாக்கிய 1.2 மில்லிமீற்றர் வட்டு அது; அதன் சுருளில் அடுத்தடுத்த இரண்டு தடங்களுக்கு இடையிலான தூரம் 0.74 மைக்ரோமீற்றர். இவ்வளவு நுட்பமான எழுத்தில் பிழைகள் நேராமல் இருக்கவே முடியாது என்பதை அதை வகுத்தவர்கள் முதலிலேயே அறிந்திருந்தார்கள். ஆகவேதான் 1960இல் ரீட், சொலமன் என்னும் இரு கணித அறிஞர்கள் வெளியிட்ட பிழைதிருத்த முறையைத் தழுவி, தொலைந்த தரவை மீட்டெடுக்கும் மேலதிகத் தரவையும் கூடவே எழுதும் ஏற்பாட்டைச் செய்தார்கள். கட்டுக்கரைக் குளத்தின் கட்டுக்குள்ளே நீர் கசிந்து மண்ணை அரிப்பது மேலே நடப்பவனுக்குத் தெரியாமல் நெடுநாள் நடந்து, ஒரு மாரியில் கட்டு உடைகிற அன்றுதான் எல்லோருக்கும் தெரியவருவது போல, வட்டின் பிழைகளும் அந்தத் திருத்தத்தின் எல்லைக்குள் இருக்கும்வரை திரையில் தெரிவதில்லை. எல்லையைக் கடந்த அன்று படம் சதுரம் சதுரமாகச் சிதறி நின்றுவிடுகிறது. ஆகவே கொடுத்த அன்று ஓடியது என்பது, அன்று அது எல்லைக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்பதைச் சொல்லவே மாட்டாது.

வீட்டுக்காரருக்கு இவையெல்லாம் தெரியா; தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. உங்களுக்குத் தெரியும். ஆகவே முறையிட்டு வருபவரிடம் நீங்கள் முதலிற் கேட்கவேண்டியது, "எந்த இடத்தில் நிற்கிறது?" என்பதே. வட்டு உள்வளையத்திலிருந்து வெளிவிளிம்பை நோக்கி எழுதப்படுகிறது, அவ்வாறே வாசிக்கவும் படுகிறது. ஆதலால் படம் நிற்கும் நேரம் வட்டில் பழுதுள்ள இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு முறையும் தாலிகட்டும் அதே கணத்தில் நின்றால் பழுது வட்டில் இருக்கிறது; ஒருமுறை இங்கும் மறுமுறை அங்குமாக நின்றால் பிளேயரின் கண்ணையோ அதன் நகர்வையோ சந்தேகிக்கலாம். முதற் பாதி சுகமாக ஓடிக் கடைசிப் பகுதி மட்டும் விக்கினால் விளிம்பைப் பாருங்கள்: அது விரல்கள் பட்ட இடம், அதிவேகமாய் எழுதப்பட்ட இடம், கொள்ளளவுக்கு மேல் திணிக்கப்பட்ட இடம், ஒட்டிய கடதாசியின் பாரத்தால் வட்டு ஆடும்போது அதிகமாய் ஆடும் இடம். 8.5 ஜிகாபைற் இருபடை வட்டில் நடுவே ஒரு கணம் படம் நின்று தொடர்ந்தால் அது படை மாறும் இடம். அதற்காக எவரும் கலங்க வேண்டியதில்லை.

வட்டைப் பிளேயர் கண்டுகொள்ளவே மறுத்தால் காரணங்கள் வேறு. எழுதி முடித்தபின் செய்யவேண்டிய பூர்த்தியை, நீங்கள் 'ஃபைனலைஸ்' என்று சொல்வதை, செய்யாமல் விட்ட வட்டு எழுதிய இயந்திரத்தில் ஓடும். அயல்வீட்டுப் பிளேயரில் ஓடாது. மூல இயந்திரம் இன்னும் உங்களிடம் இருந்தால் பல சமயங்களில் அந்தப் பூர்த்தியை இன்றைக்கும் செய்து கொடுக்கலாம். விடியோ டிஎஸ் என்னும் அடைவுக்குள் முறைப்படி அமைந்த கோப்புகளாக அல்லாமல், கணினிக் கோப்பு ஒன்றை அப்படியே வட்டில் ஏற்றிக் கொடுத்திருந்தால் கணினி அதைத் திறக்கும், பழைய பிளேயர் திகைக்கும். பிளஸ் ஆர் வகையை ஏற்காத பழைய பிளேயர்களுக்கு மைனஸ் ஆர் வகை உகந்தது. அல்லது பிளஸ் ஆர் வட்டின் வகைக்குறியை டிவிடி ரொம் என மாற்றி எழுதலாம். ரொறன்ரோவில் எழுதி அனுப்பிய வட்டு இங்கே நிறமின்றியோ உருண்டோ தெரிந்தால், அது அங்கத்தைய என்டிஎஸ்சி முறை, 480 கோடுகளும் வினாடிக்கு ஏறத்தாழ 30 படங்களும் கொண்டது. நம்முடையது 576 கோடுகளும் 25 படங்களும் கொண்ட பால் முறை. வலயப் பூட்டு என்று வீட்டுக்காரர் பயப்படுவது கடைப்படங்களுக்கே உரியது; வீட்டில் எழுதிய வட்டுக்கு அது வழக்கமாக இருப்பதில்லை. இப்படி ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பதற்குக் கால் மணித்தியாலம் போதும். அந்தக் கால் மணித்தியாலத்தைத்தான் "பிளேயர் பிழை" என்ற வசனம் நம்மிடமிருந்து பறித்துக்கொள்கிறது.

துடைப்பதைப் பற்றியும் நீங்கள் சொல்லிக் கொடுக்கவேண்டும்; ஏனென்றால் அன்பினாலேயே கெட்ட வட்டுகள் பல. சாரத்தின் தலைப்பால் வட்டமாகத் தேய்ப்பவர்கள் உண்டு. பற்பசை பூசி மினுக்குபவர்களும் உண்டு. வட்டமாகத் தேய்க்கும்போது விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே நீண்டு, தொடர்ச்சியாக அநேக தரவை அழித்துப் பிழைதிருத்தத்தின் பலத்தையும் மீறிவிடும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்கும்போது விழும் கீறலோ தடத்தைக் குறுக்கே வெட்டுவதால், திருத்த முறை அதைப் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். மென்மையான பருத்தித் துணியும் சிறிது சவர்க்கார நீரும் போதும். பிறகு நல்ல நீரில் அலசி நிழலில் உலரவிட வேண்டும். மினுக்குவது என்பது பிரதி எடுத்து முடிந்தபின், வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்யத்தக்க கடைசிப் பரிகாரம். இந்த நாலு வசனங்களை வட்டின் உறைக்குள் அச்சிட்டு வைத்திருந்தால் எத்தனை குடும்பங்களின் வட்டுகள் இன்று பிழைத்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி, எழுதும் விதத்தைப் பற்றிய என் ஆதங்கத்தை ஒளிக்காமற் சொல்கிறேன். கலியாண சீசனில் நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது வட்டுகள் எழுதவேண்டிய நெருக்கடியில் நீங்கள் 16 மடங்கு வேகத்தையே தெரிவு செய்கிறீர்கள். 16 மடங்கு என அச்சிட்ட வட்டை 8 மடங்கில் எழுதினால் செலவாகும் மேலதிக நேரம் சில நிமிஷங்களே. கிடைக்கும் தெளிவோ ஆண்டுகளாக நிற்பது. ஒரு மடங்கு மிகப் பாதுகாப்பானது என்று எண்ணுவதும் தவறு, ஏனெனில் வேகமாக எழுதவென்று ஆக்கப்பட்ட சாயப்படை மிக மெதுவான எழுத்தையும் விரும்புவதில்லை. மத்திய வேகமே உத்தமம். 4.7 ஜிகாபைற் என்று உறையில் உள்ளதைக் கணினி ஏறத்தாழ 4.37 என்று காட்டும். அந்தக் கடைசித் துளிவரை நிரப்பாமல் விளிம்பில் சிறிது வெறுமையாக விடுவதே விவேகம். நாலு மணித்தியாலக் கலியாணத்தை ஒரே வட்டில் அடக்கினால் படம் மங்கும்; இரண்டு மணித்தியாலமானால் வினாடிக்கு 5 மெகாபிற் அளவிலே அழகாக அடங்கும். ஆகவே இரண்டு வட்டாகக் கொடுங்கள். பூச்சொரியும் காட்சியிலும் வாணவேடிக்கையிலும் பிற்வீதம் எகிறிப் பிளேயர் மூச்சுத் திணறுவதைத் தடுக்க, அதன் உச்சத்தை 8 மெகாபிற்றுக்குள் கட்டுப்படுத்துங்கள்.

மணமக்களின் படத்தைக் கடதாசியில் அச்சிட்டு வட்டின் முதுகில் ஒட்டுவது கண்ணுக்கு அழகுதான். ஆனால் மாரியின் ஈரலிப்பிலும் கோடையின் வெக்கையிலும் அந்தக் கடதாசி சுருங்கி விரிந்து வட்டை வளைக்கும், சுழலும்போது சமநிலையைக் குலைக்கும். ஒட்டியதை உரிக்க முயன்றால் கேடு இன்னும் அதிகமாகும். படத்தை உறையில் ஒட்டுங்கள். வட்டின்மேல் மென்முனைப் பேனாவால் ஊரும் பெயரும் திகதியும் மட்டும் எழுதுங்கள். மலிவு வட்டு வாங்குவதில் மீதமாகும் சொற்ப காசுக்காக ஒரு குடும்பத்தின் பத்தாண்டு ஞாபகத்தைப் பணயம் வைக்காதிருங்கள். உறையில் உள்ள பெயர் ஒன்றாகவும் உள்ளே உற்பத்தி செய்தவர் வேறாகவும் இருப்பது இந்த வியாபாரத்தில் வழக்கம் என்பதை என்னிலும் நீங்கள் நன்கு அறிவீர்கள். வட்டை இயந்திரத்தில் இட்டவுடன் அதன் உற்பத்திக் குறியை இம்க்பேர்ன் போன்ற இலவச மென்பொருளே காட்டித்தரும். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் வட்டு வீண். 2022இன் நீண்ட மின்வெட்டுக் காலத்தை மறந்துவிட முடியாது. மின்சேமிப்பு ஒன்றோடு வேலை செய்யுங்கள். யாவற்றுக்கும் மேலாக, எழுதியபின் மூலத்தோடு ஒப்பிடும் 'வெரிஃபை' என்னும் சோதனையை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். அது வட்டொன்றுக்குச் சில நிமிஷங்கள் எடுக்கும். அந்தச் சில நிமிஷங்களைச் சேமிக்கவென்று தவிர்த்த வட்டுகளே பின்னர் கண்ணீரோடு உங்களிடம் திரும்பி வருகின்றன.

நம் சீதோஷ்ணம் இந்த வட்டுகளுக்குச் சிநேகிதமானதல்ல. அமெரிக்கத் தேசிய நியமங்கள், தொழில்நுட்ப நிறுவகத்தின் ஆய்வாளர் ஒருவர் எழுதி 2003இல் வெளிவந்த பராமரிப்பு வழிகாட்டி, நெடுங்காலச் சேமிப்புக்கு 4 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பமும் 20 முதல் 50 வீத ஈரப்பதனும் உகந்தவை என்கிறது. மன்னாரில் அந்த வெப்பநிலை எந்த மாதத்தில் எந்த வீட்டில் கிடைக்கும்? உப்புக் கலந்த காற்று ஒட்டுவாயின் வழியே புகுந்து தெறிப்புப் படையைக் கறுக்கச் செய்யும். யன்னலருகே வெயில் படும் மேசையில் கிடக்கும் வட்டின் சாயம் வெளிறும். மழைநீர் புகுந்த வீடுகளில் உறையும் வட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டவர்கள் நம்மில் அநேகர். மற்ற தேசங்களில் இருபது ஆண்டு தாங்கும் வட்டு நம்மிடத்தில் அவ்வளவு தாங்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகவே நம்முடைய அவசரம் மற்றவர்களுடைய அவசரத்திலும் பெரியது.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்பை நான் உணராமலில்லை. "இப்போது வட்டை யார் கேட்கிறார்கள்? எல்லோரும் பென்ட்ரைவில் கேட்கிறார்கள், கைத்தொலைபேசியில் பார்க்கிறார்கள். விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறார்கள். பழைய வட்டைப் பார்த்துக் கொண்டிருந்தால் எங்கள் சீவியம் நடப்பதெப்படி?" என்று நீங்கள் கேட்டால் அதில் நியாயம் உண்டு. நான் உங்களிடம் தானதர்மம் கேட்கவில்லை. பழைய வட்டிலிருந்து படத்தை மீட்டுக் கொடுப்பதும் ஒரு தொழிலே; அதற்கு நியாயமான கூலியைப் பெறுங்கள், கொடுப்பதற்குச் சனங்கள் மனமுவந்து முன்வருவார்கள். ஆனால் வட்டின் காலம் முடிகிறது என்ற உங்கள் வாதமே என் வாதத்துக்குப் பலம் சேர்க்கிறது. புதிய மடிக்கணினிகளில் வட்டு வாசிக்கும் பெட்டியே இல்லை. பழுதான பிளேயரைத் திருத்துபவர்கள் அருகி வருகிறார்கள். எழுதக்கூடிய புளூரே வட்டுகளையும், உங்களில் மூத்தவர்கள் கலியாணம் பிடித்த அந்தச் சிறிய மினி டிவி நாடாக்களையும் உற்பத்தி செய்வதைச் சோனி நிறுவனம் 2025 பெப்ரவரியோடு நிறுத்திவிட்டது. வாசிக்கும் கருவியும் வாசிக்கத் தெரிந்தவரும் ஒருங்கே இருக்கும் காலம் இதுவே. இன்னும் பத்து ஆண்டில் நல்ல வட்டை வைத்திருப்பவர்களும் அதைக் கொண்டுபோக இடமின்றி நிற்பார்கள்.

மீட்பது அசாத்தியம் என்று கருதவேண்டாம். ஓடாத வட்டு என்பது அழிந்த வட்டு என்று பொருள்படாது. பெரும்பாலும் அதன் தரவில் மிகப் பெரும்பகுதி வாசிக்கத்தக்கதாகவே இருக்கும், வாசிப்பவருக்குப் பொறுமை இருந்தால். ஒரு வாசிப்பியந்திரம் கைவிட்ட இடத்தை மற்றொன்று வாசிக்கும். ஆகவே பழைய கணினிகளிலிருந்து கழற்றிய இரண்டு மூன்று இயந்திரங்களை எறியாமல் வைத்திருங்கள். பிளேயரில் போட்டுத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதை நிறுத்தி, முதற்கண் வட்டின் முழுப் பிம்பத்தையும் வன்தட்டுக்கு எடுங்கள். டிடிரெஸ்கியூ என்னும் இலவச மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, பழுதான இடங்களுக்குப் பின்னர் மீண்டும் மீண்டும் திரும்பி வந்து முயலும். இரவு முழுவதும் அது தன் வேலையைச் செய்யட்டும். அதைவிட மேலான ஓர் அனுகூலமும் நமக்கு உண்டு. நம் வீடுகளின் வட்டுகளுக்குப் பிரதிகள் இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் சென்னையிலும் இருக்கின்றன, ஏனென்றால் வரமுடியாத உறவுகளுக்கு அவற்றை அனுப்பியவர்கள் நாம்தானே. ஒரே பிம்பத்திலிருந்து எழுதிய இரண்டு வட்டுகள் ஒரே இடத்தில் பழுதாவது அபூர்வம். இரண்டிலிருந்தும் எடுத்ததை அந்த மென்பொருளைக் கொண்டே ஒன்றாக இணைத்து முழுமையாக்கலாம். யுத்தம் நம்மைச் சிதறடித்ததனால் உண்டான பிரதிகளே நமக்கு இன்று துணையாகின்றன.

குடும்ப வட்டுகளோடு ஊர் வட்டுகளையும் நினைவில் வையுங்கள். யாழ்ப்பாணப் பாங்கு என்றும் மாதோட்டப் பாங்கு என்றும் இரு வழிகளாக இங்கே வளர்ந்த நாட்டுக்கூத்தை, தட்டி கட்டி விடியும்வரை ஆடிய இரவுகளை, பேசாலைத் திருப்பாடுகளின் காட்சியை, மடுவின் ஆவணித் திருவிழாவை, திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரியை நீங்கள் பதிந்திருக்கிறீர்கள். ஏட்டில் உள்ள கூத்தைப் பின்னர் அச்சிடலாம். அண்ணாவியார் ஒருவர் தாளத்தைப் பிடித்துக்கொண்டு பாடிக்காட்டிய மெட்டை, அவர் மறைந்தபின், உங்கள் வட்டைத் தவிர வேறெவர் நமக்குச் சொல்லித்தர முடியும்? 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது எவையெவை போயின என்பதை இன்றளவும் எண்ணி வருந்துகிறோம். இந்தப் பதிவுகளுக்கோ எவரும் தீவைக்கவில்லை, கவனிப்பாரின்றி உங்கள் மேசை லாச்சிக்குள்ளேயே வெளிறிக்கொண்டிருக்கின்றன. 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேகரித்து வரும் நூலகம் நிறுவனம் ஒலி, ஒளிப் பதிவுகளையும் பேணுகிறது. ஊருக்குப் பொதுவான பதிவுகளை, ஆடியவர்களதும் ஆலய நிருவாகத்தினதும் சம்மதத்தோடு, அங்கே ஒப்படைப்பது நீங்கள் இந்த மண்ணுக்குச் செய்யக்கூடிய பெருங்கைங்கரியம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். குடும்ப வட்டு குடும்பத்துக்கே உரியது. மீட்கும்பொருட்டு உங்கள் வன்தட்டில் ஏற்றிய ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டையோ ஒரு விதவைத் தாயின் அழுகையையோ, அழகாக இருக்கிறதென்று விளம்பரத்துக்கு எடுக்கவோ முகநூலில் போடவோ உங்களுக்கு உரிமையில்லை. சனங்கள் தங்கள் வட்டை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கெடவிடுவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். ஒப்படைத்த வட்டு ஒப்படைத்தவரின் சம்மதமின்றி ஒருவர் கண்ணிலும் படாது என்ற உறுதியை எழுத்தில் கொடுங்கள். சனங்கள் நம்பி வருவார்கள்.

ஆகவே பெருமக்களே, என் விண்ணப்பத்தைத் தெளிவாகச் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, முறையிட்டு வருபவரை "பிளேயர் பிழை" என்று திருப்பியனுப்பும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். வட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், எந்த இடத்தில் நிற்கிறது என்று கேளுங்கள், உங்கள் கணினியில் இட்டுச் சோதியுங்கள், கண்டதை உள்ளபடி சொல்லுங்கள். இரண்டாவது, இனி எழுதும் ஒவ்வொரு வட்டையும் மத்திய வேகத்தில் எழுதி, பூர்த்தி செய்து, ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே கையளியுங்கள். கூடவே அதே படத்தைக் கோப்பாகவும் பென்ட்ரைவில் கொடுங்கள், இரண்டையும் வெவ்வேறு இடங்களில் வைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, உங்கள் பழைய வன்தட்டுகளையும் நாடாக்களையும் இடமில்லை என்று அழிக்குமுன், அவற்றில் உள்ள குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை அறிவியுங்கள், "பத்து வருஷத்துக்கு முந்தின உங்கடை கலியாணம் எங்களிட்டை இருக்கு, வேணுமோ?" என்று ஒரு தொலைபேசி அழைப்பு, வேண்டாம் என்பவர் எவரும் இருக்கமாட்டார்.

நாலாவதும் பிரதானமானதுமான விண்ணப்பம் இது. மன்னார் நகரிலும் பேசாலையிலும் முருங்கனிலும் நானாட்டானிலும் அடம்பனிலும் தொழில் செய்யும் நீங்கள், போட்டியை ஒருபுறம் வைத்து ஒருநாள் ஓரிடத்திற் கூடுங்கள். யாரிடம் நல்ல வாசிப்பியந்திரம் இருக்கிறது, யாருக்கு மீட்கும் மென்பொருள் பழக்கம், மினி டிவி நாடாவை ஓட்டும் கமெரா இன்னும் யாரிடம் உயிரோடிருக்கிறது என்று கணக்கெடுங்கள். வரும் மாரிக்கு முன் ஒரு மாதத்தைக் குறித்து, கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் அறிவித்தல் கொடுத்து, பழைய வட்டுகளைக் கொண்டுவரும்படி சனங்களை அழையுங்கள். கூலியை எல்லோரும் ஒரே விகிதமாக நிர்ணயித்து, கொடுக்க வசதியற்ற இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு அதைத் தள்ளிவிடுங்கள். அவர்களுக்காகும் செலவில் பங்கேற்கும்படி வெளிநாட்டில் உள்ள ஊர்ச் சங்கங்களைக் கேளுங்கள்; மறுக்கமாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. இந்த அலுவலில் எழுதுவதற்கும், பெயர்ப் பதிவு செய்வதற்கும், வயோதிபர் வீடுகளுக்குப் போய் வட்டுகளை வாங்கி வருவதற்கும் ஆட்கள் தேவைப்படும். அதற்கு என்னையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

நீங்கள் திகதியைக் குறியுங்கள். வட்டுகளைக் கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் பொறுப்பு.

இங்ஙனம்,
கட்டுக்கரைப் பற்றில் வாழும்
உங்கள் வாடிக்கையாளர்களுள் ஒருவன்